கழுந்தும் துளையும்

தாத்தா வீட்டைப் பிரித்த அன்று நான் தேவிகாபுரத்தில் இருந்தேன். அதுவரை வீட்டில் எல்லோரும் ‘இடிப்பது’ என்றே பேசிக்கொண்டிருந்தோம். ‘பிரிப்பது’ என்ற சொல்லை அன்று காலையில்தான் கேட்டேன். ஓடுகளை முந்தின நாளே இறக்கியாகிவிட்டது. மாமா கடப்பாரை ஆட்கள் நாலு பேரை வரச்சொல்லியிருந்தார். அவர்கள் வருமுன்பே, யாரும் கூப்பிடாமல், ஒரு வயதான ஆசாரி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டின் மரவேலை அவருடைய அப்பா செய்தது.

“செவுத்த நீங்க இடிச்சிக்குங்க முதலியாரே. மரத்து மேல மட்டும் கடப்பார படவேணாம். நான் பிரிச்சிக் குடுக்கறேன்” என்றார் மாமாவிடம்.

மாமாவுக்கு அவசரம். நாள் தள்ளினால் கூலி ஏறும். ஆனாலும் அவர் மறுத்துப் பேசவில்லை.

ஆசாரி என்னைக் கூப்பிட்டு முற்றத்துத் தூணைக் காட்டினார். “இதுலருந்து மேல உத்தரம் வரைக்கும் பாரு தம்பி. ஒரு இரும்பாணி காட்டு, பாக்கலாம்.” தேடிப் பார்த்தேன். இருந்தவை எல்லாம் காலண்டர் மாட்டவும் சட்டை தொங்கவிடவும் நாங்கள் பிற்பாடு அடித்தவை. வீட்டைத் தாங்கும் இடத்தில் ஓர் ஆணியும் இல்லை.

அவர் கையில் கொட்டாப்புளியும் முனை மழுங்கிய ஒரு மரக்குச்சியும் மட்டும் இருந்தன. தூணின் உச்சியை ஒட்டி, விரல் பருமனில் ஒரு கறுப்புப் புள்ளி. அதற்கு மறுபக்கம் குச்சியை வைத்து நாலு தட்டுத் தட்டினார். ஐந்தாவது தட்டில் முளை எட்டிப் பார்த்தது. கையாலேயே அதை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். நடுவிரல் நீளம், ஒரு முனை கொஞ்சம் ஒல்லி, உடம்பு எட்டுப் பட்டை. கருவேலங்கட்டை என்றார். வட்டத் துளைக்குள் போவதற்கு எதற்கு எட்டுப் பட்டை என்று கேட்டேன்.

“உருண்டையா இருந்தா திரும்பும். பட்ட இருந்தா கடிச்சிக்கும்.”

அந்த முளை இப்போதும் என் மேசையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான்.

தேவிகாபுரம் திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்குத் தெற்கே, போளூரிலிருந்து சேத்துப்பட்டு போகும் சாலையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது இரண்டு காரணத்தால் தெரிந்திருக்கும். ஒன்று பெரியநாயகி அம்மன் கோயில், அதோடு சேர்ந்து குன்றின்மேல் இருக்கும் பொன்மலைநாதர் என்கிற கனககிரீசுவரர். இன்னொன்று பட்டு. ஆரணிப் பட்டு என்று புவிசார் குறியீடு பெற்ற புடவைகளில் ஒரு பங்கு தேவிகாபுரத்துத் தறிக்குழிகளில் நெய்யப்பட்டது. அம்மன் கோயிலின் விஜயநகர காலத்துக் கல் வேலைப்பாட்டைப் பார்க்க வருகிறவர்கள் மதிலையும் கோபுரத்தையும் மண்டபத்தையும் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள நெசவுத் தெருக்களின் வீடுகளை யாரும் படமெடுத்து நான் பார்த்ததில்லை. கல்லுக்குக் கொடுத்த மரியாதையை நாம் மரத்துக்குக் கொடுக்கவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

இத்தனைக்கும் கல்லுக்கு வழி காட்டியது மரம். விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் 7ஆம் நூற்றாண்டில் குகைக்கோயில் குடைந்த மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் பொறித்துவைத்தான். அதைப் பெருமையாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் கோயிலென்பது அவை நான்கும் சேர்ந்ததாக இருந்திருக்கிறது. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் கூரைக் குடிசையைப் பார்த்துச் செதுக்கியது. ஆவுடையார்கோயில் கொடுங்கையில் சட்டங்களையும் அவற்றில் அறைந்த ஆணிகளையும்கூடக் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். கல் சட்டத்துக்கு ஆணி தேவையே இல்லை. தச்சன் கட்டியதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தேவைப்பட்டது. சிதம்பரத்தில் கூத்தன் நிற்கும் சிற்றம்பலம் இன்றைக்கும் மரத்தாலானதுதான். வாஸ்து நூலான மயமதம் தன் 17ஆம் அத்தியாயத்தை மரத்தோடு மரத்தைச் சேர்க்கும் வேலைக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அதில் வரும் இணைப்பு வகைகளுக்கு மூங்கிற்கணு, கமுகங்கணு என்ற பொருளில் பெயர்கள் உண்டு. இரண்டு துண்டைச் சேர்த்தால் அது கணுவைப்போல இருக்க வேண்டும், வளர்ந்த இடமாகத் தெரிய வேண்டும் என்று ஒரு காலத்தில் தச்சர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

தாத்தா வீடு அப்படியொன்றும் பெரிய வீடல்ல. திண்ணை, நடை, கூடம், முற்றம், அடுப்படி, பின்னால் தோட்டம். முற்றத்தின் நாலு மூலைக்கும் நாலு தூண். வேங்கை மரம், ஜவ்வாது மலைப்பக்கமிருந்து வண்டியில் வந்ததாகப் பாட்டி சொல்வாள். தூண் எதுவும் மண்ணைத் தொடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் சதுரக் கல், அந்தக் கல்லின் நடுவில் ஒரு குழி, தூணின் அடியிலிருந்த சின்னக் குமிழ் அதில் உட்கார்ந்திருந்தது. ஈரம் ஏறாது, கரையான் ஏறினாலும் கல்லின்மேல் மண்கோடு தெரிந்துவிடும். தூணின் தலையைக் கழுந்தாகச் செதுக்கியிருந்தார்கள். சதுரமாக நாலு விரல் உயரம். அது போதிகையின் துளை வழியாகப் போய் உத்தரத்தின் வயிற்றில் முடிந்தது. போதிகை என்பது தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்து நிற்கும் துண்டு. அதன் நுனியில் தொங்கும் வாழைப்பூ மொட்டை நான் சின்ன வயதில் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அலங்காரம் மொட்டில்தான், வேலை அந்த விரித்த கைகளில். இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் அது தாங்கிக்கொள்வதால் உத்தரம் தாண்டவேண்டிய தூரம் அவ்வளவுக்குக் குறைகிறது. அந்த அளவுக்கு மெல்லிய மரம் போதும்.

மூலையில் இரண்டு உத்தரங்கள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் பாதி கனம் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அந்த வெட்டைத் திறந்தபோது உள்ளே மரம் அறுத்த நாளின் நிறத்தில் இருந்தது. வெளியே புகையேறிக் கறுத்த மரம், உள்ளே தேன் நிறம். உத்தரத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடிபோல இழைத்திருந்தார்கள். மேல்பக்கம் வாய்ச்சி பட்ட தழும்புகள் அப்படியே இருந்தன, ஏரித் தண்ணீரில் காற்றடித்ததுபோலச் சின்னச் சின்ன அலையாக. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள். நான் பார்த்தேன். இழைத்த பக்கத்தைவிட அந்தப் பக்கத்தில்தான் ஆசாரியின் அப்பாவை எனக்குத் தெரிந்தது. அலையின் அகலம் கடைசிவரை மாறவே இல்லை.

உத்தரத்தின்மேல் கைமரங்கள் பனை. மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில் இருக்கும், பனைக்கு வைரம் வெளிப்பக்கம். நடுவில் இருப்பது நாராகிப் பொலபொலக்கும் சோறு. அதனால் பனையைப் பிளந்து, உள்சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, கறுத்த மேல்பாகத்தை மட்டும் எடுப்பார்கள். வயதான மரம்தான் இதற்கு ஆகும். வாசக்காலுக்கு வேம்பு. வாசக்கால் வைத்த அன்று மஞ்சள் குங்குமம் பூசி, மாவிலை கட்டி, மேலே நவதானிய முடிச்சும் அடியில் காசும் வைத்துச் சுமங்கலிகள் கூடிச் செய்த பூசையைப் பாட்டி தன் கல்யாணத்தைப்போல விவரிப்பாள். கதவுக்குக் கீல் கிடையாது. பலகையின் மேலும் கீழும் விட்ட குடுமி, மேலே மரக்குழியிலும் கீழே கல்குழியிலும் சுழன்றது. வருஷத்துக்கு ஒருதரம் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். விடாவிட்டால் தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்கும்.

மரத்தை வெட்டியதும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்றார் ஆசாரி. தேய்பிறையில் வெட்டி, ஏரித் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, மரத்தின் இனிப்பெல்லாம் தண்ணீரில் போனபிறகு நிழலில் காயவைப்பார்கள். இனிப்பு இருந்தால்தான் உளு வரும். அதன்பிறகு அடுப்புப்புகை. பாட்டி ஐம்பது வருஷம் இருமியபடி ஊதிய அடுப்பின் புகைதான் அந்தக் கூரையைக் காத்தது என்பதை அவர் சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

இவ்வளவும் யாருக்காக என்றால், தறிக்காக. கூடத்தில் முற்றத்துக்குப் பக்கமாக, வெளிச்சம் விழும் இடத்தில் தறிக்குழி. கால்கள் குழிக்குள் மிதியில் இருக்க, தரைமட்டத்தில் உட்கார்ந்து நெய்வது. அதற்கு எதிரே பாவு நீண்டு போகும். மூன்று புடவைக்கு ஒரு பாவு என்பது பட்டுத் தறியில் வழக்கமான கணக்கு. அதைக் கட்டி இழுக்க நீளம் வேண்டும். அந்த நீளத்தை வைத்துத்தான் கூடம், கூடத்தை வைத்துத்தான் முற்றம். மனையடி சாஸ்திரம் எத்தனை அடிக்கு என்ன பலன் என்று சொல்லட்டும். நெசவாளி வீட்டில் முதலில் பாவு சொல்லும், பிறகு சாஸ்திரத்தில் பொருந்துகிற எண்ணைத் தேடுவார்கள். அதனால் கூடத்தின் நடுவில் தூண் கிடையாது. நாலும் முற்றத்தின் ஓரத்துக்கு ஒதுங்கியே நின்றன.

ஒரே ஆசாரிதான் வீட்டையும் செய்தார், தறியையும் செய்தார். படமரம், பலகை, மிதி எல்லாம் அவர் கைதான். தறியிலும் அதே கழுந்து, அதே துளை. ஆனால் தறியில் முளைக்குப் பதில் பல இடத்தில் ஆப்பு. காரணம், தறி தினமும் அடி வாங்குகிற மரம். ஐப்பசி ஈரத்தில் மரம் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும், இணைப்பு தளரும். தாத்தா காலையில் தறியில் உட்காரும் முன் ஒரு கட்டையை எடுத்து இரண்டு இடத்தில் ஆப்பைத் தட்டிவிட்டுத்தான் காலை உள்ளே விடுவார். அது எனக்குச் சாமி கும்பிடுவதுபோல இருந்தது. அவருக்கு அது வேலையின் முதல் படி. மண்தரையும் குழியின் குளுமையும் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. வறண்ட காற்றில் பட்டு இழை அறுந்துகொண்டே இருக்கும்.

புடவையில் பெரிய பூவேலைக்கு ஜக்கார்டு பெட்டி வந்தபோது வீட்டுக்கு உயரம் போதவில்லை. பிரான்சின் லியோன் நகரத்தில் 1804இல் ஜக்கார்டு செய்த எந்திரம் எங்கள் கூடத்துக்கு வர நூற்றைம்பது வருஷத்துக்குமேல் ஆயிற்று. வந்ததும் கூரையில் முட்டிக்கொண்டது. ஆசாரியின் அப்பா தறிக்கு நேர் மேலே கைமரங்களைக் கழற்றி, குட்டையாக நாலு கால் நிறுத்தி, கூரையின்மேல் ஒரு கூண்டு எழுப்பி, அதன் நாலு பக்கமும் வெளிச்சத்துக்கு வழி விட்டுக் கொடுத்தார். மழைக்காலம் வருமுன் ஒரு வாரத்தில் முடிந்ததாம். சுவரில் ஒரு செங்கல் நகரவில்லை. ஊரிலேயே எனக்குப் பிடித்த கட்டடம் அந்தக் கூண்டுதான். கோயில் கோபுரத்தைச் சொல்லாமல் இதைச் சொல்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தேவைக்குத் தக்கபடி வீட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டலாம் என்பதை அது ஒன்றுதான் எனக்குக் கண்ணால் காட்டியது.

மரச்சட்டத்தை எலும்பாக நிறுத்தி, இடையில் வரிச்சு கட்டி மண் அப்பும் வீடு உலகம் முழுக்க இருக்கிறது. ஜவ்வாது மலையில் மலையாளி மக்கள் மூங்கிலும் மண்ணுமாகக் கட்டுவதும் அந்தக் குடும்பம்தான். ஜெர்மனியின் குவெட்லின்பர்க் நகரத்தில் தெருத்தெருவாக மரச்சட்ட வீடுகள் நிற்கின்றன. 1994இல் யுனெஸ்கோ அந்த நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மன் தச்சர்கள் மரங்களைத் தரையில் கோத்துப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் எண்ணைக் கீறி, பிரித்துக் கொண்டுபோய் இடத்தில் நிறுத்துவார்கள். காஷ்மீரில் இப்படிப்பட்ட மரச்சட்டச் சுவருக்கு தஜ்ஜி திவாரி என்று பெயர். பாரசீக மொழியில் ஒட்டுத்துணிச் சுவர் என்று பொருள். துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வைபோலச் சின்னச் சின்ன மரக்கட்டங்கள், அவற்றுக்குள் கல்லும் மண்ணும். துணிக்காரர்கள் ஊரில் பிறந்தவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்தில் கல்லும் கான்கிரீட்டுமாகக் கட்டியவை ஏராளமாக விழுந்தபோது, நன்றாகக் கட்டிய தஜ்ஜி வீடுகள் ஆடி நின்றன. கட்டத்துக்குள் இருந்த மண் உதிர்ந்தது, சட்டம் நின்றது. அதன் பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தானில் மறுகட்டுமானத்துக்கே அந்த முறையை ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கள் வீடு முழு மரச்சட்ட வீடு அல்ல. வெளிச்சுவர் செங்கல், ஒன்றரை அடி கனம். கூரையின் வெளி விளிம்பை அது தாங்கியது, உள் விளிம்பைத் தூணும் உத்தரமும் தாங்கின. தெருவில் வசதியானவர்கள் கட்டை வரிசையிட்டு, மேலே மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துப் பெண்கள் கட்டையால் நாள்கணக்கில் தட்டிய தளம் போட்டிருந்தார்கள். பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பது இதைத்தான். நாங்கள் நாட்டு ஓடு. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியில் வந்த சீமை ஓடு திண்ணைச் சார்ப்புக்கு மட்டும் பிற்பாடு ஏறியது.

இதையெல்லாம் எழுதும்போது என் அம்மாவின் முகத்தை மறக்கக் கூடாது. ஆடி மாசம் பிறந்தால் ஓடு மாற்ற வேண்டும். கூரையிலிருந்து தேள் விழும். எலி பாவைக் கடித்து ஒரு மாத உழைப்பைப் பாழாக்கும். தரை மெழுகிப் பெண்களின் இடுப்பு போயிற்று. வாசக்காலில் குனியத் தெரியாத மருமகள்களுக்கு நெற்றியில் புடைப்பு. கான்கிரீட் வீடும் உள்ளேயே குளியலறையும் வருகிறது என்றபோது அம்மா கண்கலங்கினாள், சந்தோஷத்தில். அந்தக் கண்ணீருக்கு எதிராக எந்த மரபையும் நான் பேச மாட்டேன். குளியலறை கட்டிக்கொள்ள ஒரு வீட்டையே அழிக்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குத் துக்கம். கூண்டு எழுப்பிக் கொடுத்த ஆசாரிகள் இருந்த ஊரில் குளியலறைக்கு வழி பிறந்திருக்காதா? கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வந்த வீடு தறியை எண்ணிப் பார்த்துக் கட்டியதல்ல. 2016இல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். சமையல் இடமும் அதற்குள்தான். அதில் தறிக்கும் பாவுக்கும் விட்டால் பாய் விரிக்க எங்கே இடம்? சிமெண்டுத் தரையில் குழி வெட்ட மனம் வராது. வெட்டினாலும் உச்சிவெயிலில் தளத்தின் சூடு பட்டு இழையில் இறங்கும். தறியைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களுக்குக் கூலி ஒரு காரணம், விசைத்தறி ஒரு காரணம். வீடும் ஒரு காரணம் என்று நான் சொல்கிறேன். நெசவாளிக்கு வீடு என்றால் பட்டறையும்தான் என்பதை வரைபடம் போடுகிறவர்கள் முதல் கோட்டிலேயே நினைக்க வேண்டும்.

ஆசாரி நாலு தூணையும் இறக்கியதும் பழைய மரம் வாங்குகிற ஒருவர் வந்தார். தூணைத் தட்டிப் பார்த்து விலை சொன்னார். போதிகை வேண்டாம் என்றார். தூண் ஓட்டல் வரவேற்பறையில் நிற்குமாம், அங்கே அது எதையும் தாங்கப்போவதில்லை, அதற்கு எதற்குப் போதிகை? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இப்படித் தனித்து நிற்கும் தூண்களை நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். தலையில் வெட்டிய கழுந்து எதற்குள்ளும் போகாமல் மொட்டையாக நிற்கும். மாற்று வழி இல்லாமல் இல்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீடுகளையும் ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் அங்கே இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் தேவிகாபுரத்து வீட்டைத் தேவிகாபுரத்துப் பிள்ளை தன் தெருவில் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். தறி ஓடுகிற ஒரு வீடு, ஒரே ஒரு வீடு, குளியலறையும் மின்விசிறியும் சேர்த்துச் சீர்செய்து நின்றால் போதும்.

அதுவரைக்கும் ஆரணியைச் சுற்றியுள்ள நெசவூர்களில் வீட்டை எடுத்துக் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடப்பாரை வருமுன் ஊரில் இருக்கிற மூத்த ஆசாரியைத் தேடிப்பிடித்துக் கூப்பிடுங்கள். அவரைக் கொண்டு மரத்தைப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அளவெடுங்கள், இணைப்பின் உட்பக்கத்தைச் செல்போனில் படமெடுங்கள். தறிக்குழியிலிருந்து கூரைக்கு எத்தனை அடி, முற்றத்திலிருந்து எத்தனை அடி என்று குறியுங்கள். தூணை விற்றால் போதிகையையும் சேர்த்துக் கொடுங்கள். ஆசாரிக்குக் கூலியைக் குறைக்காதீர்கள். எங்கள் வீட்டை முழுதாகப் பிரிக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.